ஜெம் போர்டல்: சிறு உற்பத்தியாளரின் வளர்ச்சிக்கு எவ்வளவு உதவும்?

மத்திய அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சரக்கு கொடுக்க நினைக்கும் சிறு தொழிற்சாலைக்கு முதல் வாசல் இன்று ஜெம் போர்டல் (GeM, Government e-Marketplace) எனப்படும் மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளம்தான். சொந்தப் பட்டறையில் உற்பத்தி செய்பவர், அனுப்பிய சரக்குக்கு இரண்டு மூன்று மாதம் பணம் வராவிட்டாலும் சமாளிக்கக்கூடியவர் என்றால் தயங்காமல் சேரலாம். இவ்வளவு குறைந்த செலவில் இத்தனை வாடிக்கையாளர்களைக் காட்டும் வேறு சந்தை இல்லை. வாங்கி விற்பவருக்கு அதே உறுதியோடு பரிந்துரைக்க மாட்டோம். கைமுதல் முழுவதையும் ஒரே ஆர்டரில் இறக்க வேண்டிய நிலையில் இருப்பவர் சற்றுப் பொறுப்பது நல்லது.

2016 ஆகஸ்ட் 9-ல் தொடங்கிய இந்தத் தளத்தில் 2024-25 நிதியாண்டில் மட்டும் 5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கொள்முதல் நடந்திருக்கிறது. பொது நிதி விதிகள் 2017-ன் 149-ஆம் விதிப்படி, ஜெம்மில் கிடைக்கும் பொருளையும் சேவையையும் மத்திய அமைச்சகங்களும் துறைகளும் ஜெம் வழியாகவே வாங்க வேண்டும். ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைகள், நெய்வேலி, கல்பாக்கம், திருச்சி பெல், ரயில்வே அலுவலகங்கள் என்று முன்பு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிக் கேட்க வேண்டியிருந்த இடங்களின் தேவை இப்போது ஒரே திரையில் தெரிகிறது.

வாங்கும் முறை மதிப்பைப் பொறுத்து மாறும். 50,000 ரூபாய் வரை, விவரக்குறிப்பும் டெலிவரி நாளும் பொருந்தினால் அதிகாரி எந்த விற்பனையாளரிடமும் நேரடியாக வாங்கலாம். அதற்கு மேல் 10 லட்சம் வரை, குறைந்தது மூன்று வெவ்வேறு உற்பத்தியாளர்களின் பொருளை ஒப்பிட்டு விலை குறைந்தவரிடம் வாங்க வேண்டும். 10 லட்சத்தைத் தாண்டினால் பிட் (ஒப்பந்தப்புள்ளி) அல்லது போட்டியாளர்கள் விலையை மாறி மாறிக் குறைக்கும் ரிவர்ஸ் ஆக்‌ஷன் கட்டாயம். (25,000, 5 லட்சம் என்ற பழைய வரம்புகளையே இன்னும் பல வீடியோக்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன.) நடைமுறையில் தணிக்கைக் கேள்வி வரக்கூடாது என்று 2 லட்சம் ரூபாய் வேலைக்கும் பிட் போடும் அலுவலகங்கள் உண்டு.

புதிதாகச் சேருபவர்கள் இவற்றில் முதல் இரண்டு படிகளையும் தாண்டி முதல் மாதமே 40 லட்சம் ரூபாய் பிட்டில் குதிக்கிறார்கள். பெரும்பாலும் தொழில்நுட்பச் சுற்றிலேயே நிராகரிப்பு வருகிறது. தப்பித்தவறி ஜெயித்தாலும் பணம் சிக்கிக்கொள்கிறது. முதல் ஆறு மாதம் 50,000-க்கு உட்பட்ட ஆர்டர்களையே குறிவைப்பது நல்லது. லாபம் சொற்பம்தான். ஆனால் சரக்கு ஏற்கப்பட்டதற்கான சான்றும் விற்பனையாளர் ரேட்டிங்கும் அங்கேதான் சேர்கின்றன. பின்னாளில் "முன் அனுபவம்" என்று பிட் கேட்கும்போது மேலே வைக்க வேண்டிய காகிதம் அதுதான்.

சேருவதற்கு முன்

பதிவுக்குக் கட்டணம் இல்லை. பான், ஆதார் இணைந்த மொபைல், வருமான வரி ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு இருந்தால் உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடலாம். ஏஜென்டிடம் கொடுப்பவர்கள் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: முதன்மைப் பயனராக உரிமையாளரோ பங்குதாரரோ இயக்குநரோ இருக்க வேண்டும், மொபைலும் மின்னஞ்சலும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். ஏஜென்டின் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்துவிட்டு, உறவு முறிந்தபின் ஓ.டி.பி.க்காக அலைவது வாடிக்கையாக நடக்கிறது.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றும் இலவசம்தான். அதை எடுப்பதைவிடச் சரியாக எடுப்பது முக்கியம். முதன்மைச் செயல்பாடு "உற்பத்தி" என்று இருக்கிறதா, விற்கப்போகும் பொருளுக்குரிய என்.ஐ.சி. (தேசியத் தொழில் வகைப்பாட்டு) குறியீடு அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீரோ செய்பவர் சான்றில் "இரும்புப் பொருள் மொத்த வியாபாரம்" என்று மட்டும் இருந்தால் சலுகை எதுவும் கிடைக்காது. 2021 ஜூலையில் வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்தார்கள். ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். கொள்முதல் முன்னுரிமை உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். வியாபாரிகளுக்கு ஜெம்மைத் தயங்கிப் பரிந்துரைப்பது இதனால்தான். அவர்கள் உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதத்தை நம்பி, எந்தக் காப்பும் இல்லாமல் விலைப்போட்டியில் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த முன்னுரிமை என்னவென்று தெரியாமலே பலர் பிட் போடுகிறார்கள். 2012-ன் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி மத்தியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 4 சதவீதம் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கும் 3 சதவீதம் பெண்களுக்கும். 358 பொருள்கள் குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம்.

இன்னும் முக்கியமானது 15 சதவீத விதி. பெரிய நிறுவனம் ஒன்று 10,000 ரூபாய்க்கு எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவராக வருகிறது, நீங்கள் 11,400 போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11,500-க்குள் இருப்பதால், 10,000-க்கு இறங்கி வந்தால் பிட்டில் குறிப்பிட்ட பங்கை உங்களுக்குத் தர வேண்டும். எல்-1 ஆக வந்தவரே சிறு நிறுவனமாக இருந்தால் இந்த விதி செயல்படாது. ஆகவே போட்டியாளர் யார் என்று பார்த்துவிட்டு விலை போடுவது நல்லது. பெரிய பிராண்டுகள் மோதும் கேட்டகரியில் உங்கள் அடிமட்ட விலையை முதலிலேயே கொட்ட வேண்டியதில்லை. சிறு நிறுவனங்கள் மட்டுமே இருக்கும் கேட்டகரியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கேட்டலாக்

உங்கள் பொருளின் விவரங்களை ஏற்றி வைக்கும் கேட்டலாக் பக்கம் பார்க்க எளிது. பிழை செய்வதும் எளிது. ஒவ்வொரு கேட்டகரியிலும் சில அளவுகள் "கோல்டன் பாராமீட்டர்" என்று குறிக்கப்பட்டிருக்கும். பீரோ என்றால் தகட்டுத் தடிமன், தட்டுகளின் எண்ணிக்கை போன்றவை. பிட்டில் கேட்ட மதிப்பும் உங்கள் கேட்டலாக்கில் உள்ள மதிப்பும் பொருந்தாவிட்டால் அந்தப் பொருளை அங்கே கொடுக்கவே முடியாது. 0.8 மி.மீ. தகட்டில் ஒன்று, 0.9-ல் ஒன்று என்று உண்மையில் நீங்கள் செய்யக்கூடிய வகைகளைத் தனித்தனிக் கேட்டலாக்காக ஏற்றி வையுங்கள். எம்.ஆர்.பி.யிலிருந்து குறைந்தது 10 சதவீதம் தள்ளுபடி காட்ட வேண்டும். அதற்காக எம்.ஆர்.பி.யை இஷ்டத்துக்கு ஏற்றிப் போட்டால், வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டு விளக்கம் கேட்பார்கள்.

முக்கியக் கேட்டகரிகளில் உற்பத்தியாளர் என்று ஒப்புக்கொள்ள வெண்டர் அசெஸ்மென்ட், அதாவது உற்பத்தித் திறன் மதிப்பீடு தேவை. இயந்திரப் பட்டியல், சோதனைக் கருவிகள், மின் இணைப்பு, பட்டறையின் வீடியோ என்று கேட்பார்கள். கையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தரநிர்ணய அமைவனம்) உரிமம் இருந்தால் விலக்கு உண்டா என்று முதலில் பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

பிட் ஆவணத்தைப் படிப்பது

ஜெம்மில் ஜெயிப்பவருக்கும் தோற்பவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பிட் பி.டி.எஃப்.பின் முதல் மூன்று பக்கங்களில் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது முடிவுத் தேதி அல்ல. "சராசரி ஆண்டு டர்ன்ஓவர்", "முன் அனுபவ ஆண்டுகள்" என்ற வரிகளுக்குக் கீழே, குறு, சிறு நிறுவனங்களுக்கு இவற்றிலிருந்து விலக்கு "ஆம்" என்று இருக்கிறதா "இல்லை" என்று இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த விலக்கு தானாக வருவதில்லை, வாங்கும் அலுவலகத்தின் விருப்பம். "இல்லை" என்றிருந்து, கேட்ட டர்ன்ஓவர் உங்களிடம் இல்லையென்றால் அந்த பிட்டை அங்கேயே மூடிவிடலாம்.

அடுத்தது இ.பி.பி.ஜி. வரி, அதாவது செயல்திறன் வங்கி உத்தரவாதம். இ.எம்.டி. விலக்கையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் மிக அதிகம். சிறு நிறுவனத்துக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. வழக்கமாக ஆர்டர் மதிப்பில் 3 முதல் 5 சதவீதம். எத்தனை மாதத்துக்கு என்பதையும் பாருங்கள். மூன்றாண்டு வாரண்டி உள்ள பொருளில் அந்தப் பணம் மூன்றாண்டுக்கு மேல் வங்கியில் தூங்கும்.

மூன்றாவது, கன்சைனி (சரக்கைப் பெறும் அலுவலகம்) பட்டியல். ஜெம் விலை என்பது ஜி.எஸ்.டி., லாரி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்தது. 100 பீரோ ஒரே கிடங்குக்கா, ராமேஸ்வரத்திலிருந்து ஓசூர் வரை 14 அலுவலகங்களுக்கா என்பதைப் பொறுத்து லாபமே மாறிவிடும். கடைசியாக, வாங்குபவர் சேர்த்த கூடுதல் நிபந்தனைகள். இது பெரும்பாலும் ஸ்கேன் செய்த தனி பி.டி.எஃப். ஆக இணைக்கப்பட்டிருக்கும். மாதிரி அனுப்ப வேண்டும், குறிப்பிட்ட ஆய்வகச் சான்று வேண்டும், முத்திரைத்தாளில் உறுதிமொழி வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரே பிராண்டுக்குப் பொருந்தும்படி விவரக்குறிப்பு எழுதியிருந்தாலோ, நியாயமற்ற நிபந்தனை இருந்தாலோ, பிட் வெளியான நான்கு நாட்களுக்குள் ரெப்ரசென்டேஷன் பகுதியில் முறையிடலாம். வந்த முறையீடுகள் எல்லாவற்றுக்கும் பதில் தராமல் அலுவலகம் பிட்டைத் திறக்க முடியாது. ஜெம்மில் எங்களுக்கு மிகவும் பிடித்த வசதி இது. "அவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்" என்ற அச்சத்தில் பலர் இதைத் தொடுவதே இல்லை. நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு, எந்த விதிக்கு முரண் என்று இரண்டு வரி எழுதினால் போதும், திருத்தம் வருவதுண்டு.

தொழில்நுட்ப நிராகரிப்புக்கான காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. ஆடிட்டர் சான்றில், அது உண்மைதானா என்று சரிபார்க்க உதவும் 18 இலக்க யூ.டி.ஐ.என். எண் இல்லை. டர்ன்ஓவர் சான்றில் நிதியாண்டு தவறு. உள்நாட்டு மதிப்புக் கூட்டல் சதவீதம் எழுதவில்லை. அனுபவச் சான்றாக ஆர்டர் நகலை மட்டும் வைத்துவிட்டு, சரக்கு ஏற்கப்பட்ட சான்றை விட்டுவிட்டார்கள். நிராகரித்தால் 48 மணி நேரத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்க வழி உண்டு. வெள்ளிக்கிழமை மாலை முடிவு வந்து ஞாயிறு முடிவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும் என்பதால் தினமும் ஒருவர் டாஷ்போர்டைப் பார்க்க வேண்டும்.

12 லட்சம் ரூபாய் ஆர்டரின் கணக்கு

ஒரு பீரோ 12,000 ரூபாய், 100 பீரோ, மொத்தம் 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,83,051 ரூபாய், உங்கள் விலை 10,16,949. ஜெம் கட்டணம், 2024 ஆகஸ்ட் முதல், 10 லட்சம் வரையிலான ஆர்டருக்கு இல்லை. 10 லட்சத்துக்கு மேல் 10 கோடி வரை 0.30 சதவீதம், அதற்கும் மேல் ஒரே தொகையாக 3 லட்சம். இங்கே 3,600, அதற்கு வரி தனி. இது பாரமில்லை. பாரம் மற்றவற்றில் இருக்கிறது.

3 சதவீத உத்தரவாதம் என்றால் 36,000. வங்கி லிமிட் (வங்கி ஒதுக்கும் கடன், உத்தரவாத வரம்பு) இல்லாதவருக்கு இது முழுக்க டெபாசிட்டாகவே போகும். ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக 2.5 லட்சத்தைத் தாண்டுவதால் அரசு அலுவலகம் 2 சதவீத ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி), அதாவது 20,339 ரூபாய் பிடிக்கும். அது தொலைந்துபோகவில்லை. ஜி.எஸ்.டி. தளத்தில் டி.டி.எஸ். வரவுப் பகுதிக்குள் போய் ஏற்றுக்கொண்டால் உங்கள் ரொக்க லெட்ஜருக்கு வரும். ஏற்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் தொகைகள் பல நிறுவனங்களில் உண்டு.

கடுமையான அடி வரிக் காலக்கெடுவில்தான். இந்த மாதம் 25-ல் பில் போட்டால், மாத ரிட்டர்ன் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20-க்குள் வரியைக் கட்ட வேண்டும். தகடு, பெயின்ட் வாங்கியதன் உள்ளீட்டு வரியைக் கழித்தாலும் மீதி கைப்பணம்தான். அரசிடமிருந்து ஒரு ரூபாய்கூட அதற்குள் வந்திருக்காது. டெலிவரி ஒரு வாரம் தாமதமானால் தாமதமான சரக்கின் மதிப்பில் 0.5 சதவீதம், முழுச் சரக்கும் என்றால் வாரத்துக்கு 6,000, உச்சவரம்பு 10 சதவீதம். 5 சதவீத லாபம் வைத்து விலை போட்டவருக்கு இரண்டு மாதத் தாமதத்தில் லாபத்தின் பெரும்பங்கு போய்விடும்.

ரிவர்ஸ் ஆக்‌ஷனில் உட்காரும் முன் இந்தக் கணக்கைப் போட்டு, இறங்கக்கூடிய கடைசி விலையைத் தாளில் எழுதி வையுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் எதிராளி 50 ரூபாய் குறைக்கும்போது கை தானாக 100 குறைக்கும்; நஷ்ட ஆர்டர்கள் அப்படித்தான் வருகின்றன. ஜெயித்தபின் பின்வாங்கினால் இன்சிடென்ட் எனப்படும் விதிமீறல் புகார் பதிவாகி, கணக்கு முடக்கம்வரை போகலாம்.

சரக்கு போனபின்

விதிப்படி எல்லாம் வேகம்தான். சரக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் தற்காலிக ரசீது, பத்து நாளில் ஏற்புச் சான்றான சி.ஆர்.ஏ.சி., அதிலிருந்து பத்து நாளில் பணம். சிக்கல் முதல் கண்ணியிலேயே வரும். தற்காலிக ரசீது போடாதவரை கடிகாரமே ஓடாது. கன்சைனி அதிகாரி மாறுதலாகிப் போயிருப்பார். புதியவருக்கு அந்த அலுவலகத்தின் முதன்மைப் பயனர் லாகின் கொடுத்திருக்க மாட்டார். ஆகவே சரக்கு கிளம்பும் முன்பே தொலைபேசியில் அழைத்து, "சார், உங்க ஐ.டி.யில நம்ம ஆர்டர் தெரியுதா?" என்று கேட்டுக்கொள்வது ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும். டெலிவரி சலானில் பெயர், பதவி, தேதி, முத்திரையோடு கையெழுத்து வாங்கி அன்றே ஸ்கேன் செய்து வையுங்கள். போர்டலில் ஏற்றும் பில்லின் எண், தேதி, தொகை மூன்றும் ஜி.எஸ்.டி. பில்லோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்; ஒரு ரூபாய் ரவுண்டிங் வித்தியாசத்துக்கே பில் திரும்பி வரும்.

பணம் தாமதமானால் அலுவலகத்துக்கு மாதம் 1 சதவீத அபராத வட்டி என்று விதி இருக்கிறது. ஆனால் அது விற்பனையாளர் கைக்கு வராது, ஜெம் பராமரிக்கும் கணக்குக்குப் போகும். இந்தத் தளத்தின் மிகப் பெரிய குறை என்று இதைத்தான் சொல்வோம். காத்திருந்தவருக்கே அந்த வட்டி போய்ச் சேர வேண்டும். உங்கள் கையில் இருக்கும் உண்மையான ஆயுதம் 2006-ன் எம்.எஸ்.எம்.இ. சட்டம். ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. போனால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. இணையத்தில் புகார் பதிந்தால் பணத் தாமதப் புகார்களை விசாரிக்கும் மாநில வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கின்றன. கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து வழக்குப் போட வேண்டுமென்றால் வாங்கியவர் 75 சதவீதத் தொகையைக் கட்டியாக வேண்டும். இந்த உரிமையில் வம்பு வராமலிருக்க, உத்யம் தேதி ஆர்டர் தேதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும்.

அடுத்த படிகள்

வளர்ச்சிக்கு உச்சவரம்பு விதிப்பது பட்டறையின் திறனைவிட வங்கி லிமிட்தான். பத்து ஆர்டருக்குத் தலா 40,000 உத்தரவாதம் என்றால் 4 லட்சம் முடங்கிவிடும். இரண்டாம் ஆண்டில் ஆர்டர் நகல்களையும் ஏற்புச் சான்றுகளையும் காட்டி, உத்தரவாதத்துக்கென்று தனி லிமிட் வங்கியில் கேளுங்கள். வாரண்டி முடிந்த உத்தரவாதங்களைத் திரும்பப் பெறும் தேதிகளைத் தனி நோட்டில் குறித்து வையுங்கள். கேட்காமல் எந்த அலுவலகமும் விடுவிக்காது.

பொதுத்துறை நிறுவனங்களின் பில்களை டிரெட்ஸ் எனும் பில் நிதித் தளங்களில் தள்ளுபடி செய்து, அதாவது சற்றுக் குறைந்த தொகைக்குக் கொடுத்து முன்பணம் பெறலாம். ஆர்.எக்ஸ்.ஐ.எல்., எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகியவை இதற்கானவை. நிறுவனம் பில்லை ஒப்புக்கொண்டால்தான் நடக்கும் என்பதால், பிட் போடும் முன்பே அவர்களின் நிதிப்பிரிவில் விசாரித்துக்கொள்ளுங்கள். அரசுத் துறை அலுவலகப் பில்களுக்கு இந்த வழியை நம்ப வேண்டாம். இதனாலேயே மூன்றாவது ஆண்டிலிருந்து பொதுத்துறை நிறுவன ஆர்டர்களின் பங்கைக் கூட்டிக்கொண்டு போவது சரியான திசை.

எல்லாக் கேட்டகரியிலும் கால் வைப்பதைவிட இரண்டு மூன்றைப் பிடித்துக்கொண்டு, 300 கிலோமீட்டருக்குள் உள்ள கன்சைனிகளை மட்டும் பார்ப்பதே பலன் தரும். ஜெம்மில் முடிந்த பிட்களின் முடிவுகளைப் பார்க்கலாம். ஒரு கேட்டகரியில் கடந்த ஓராண்டு எல்-1 விலைகளை எடுத்து எக்செல்லில் போட்டால், யார் எந்த மாதம் எவ்வளவுக்கு இறங்குகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். மார்ச் மாத இறுதியில் பட்ஜெட்டைச் செலவழிக்க பிட்கள் குவியும். டெலிவரி நாளும் குறைவாக இருக்கும். ஜனவரியிலேயே தகடு வாங்கி வைத்திருப்பவர் அப்போது நல்ல விலைக்குக் கொடுக்கலாம்.

தளத்தின் சேவைத் தரம் சராசரி. முடிவு நாளன்று மாலை பக்கம் இழுக்கும். கடைசி இரண்டு மணி நேரத்துக்கு எதையும் ஒத்திப்போடாதீர்கள். பிட் ஆவணங்கள் ஆங்கிலம், இந்தியைத் தாண்டி வருவதில்லை. உதவி மையத்தில் டிக்கெட் போட்டால் பொதுவான பதில்தான் முதலில் வரும். திரைப்பிடிப்பும் பிட் எண்ணும் விதியின் எண்ணும் சேர்த்து இரண்டாம் முறை எழுதும்போதுதான் அசையும்.

ஜெம் ஒன்றே போதும் என்று நின்றுவிடவும் வேண்டாம். ரயில்வே உதிரிபாகங்களுக்கு ஐ.ஆர்.இ.பி.எஸ். என்ற ரயில்வேயின் சொந்தக் கொள்முதல் தளம் இருக்கிறது, பாதுகாப்பு சார்ந்த பொருளுக்கு வெண்டர் அங்கீகாரம் முதலில் வேண்டும், அதற்கு மாதங்கள் பிடிக்கும், ஆனால் கிடைத்தபின் போட்டி குறைவு. மாநிலத் துறைகளும் வாரியங்களும் 1998-ன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி தனித் தளத்தில் டெண்டர் விடுகின்றன. விதிகளும் சலுகைகளும் வேறு. ஐ.ஆர்.இ.பி.எஸ்., மாநிலத் தளம் இரண்டுக்கும் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் தேவை. அதை நிறுவனத்தின் பெயரோடு எடுத்து, காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.